வலப்பாதியில் ஓர் ஊசித்துளை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. ஊசி என் கையில் இருந்தது. அதுவரை சந்தேகமில்லை. அதற்குப் பிறகு என் மனத்தில் இரண்டு காட்சிகள் இருக்கின்றன. ஒன்றில் ஊசி உள்ளே போகிறது. மற்றதில் அதைத் தட்டில் வைத்துவிட்டு நான் எழுந்து போகிறேன். இரண்டுமே ஒரே அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன. இரண்டிலும் ஜன்னலுக்கு வெளியே மே மாத வெயில் அடிக்கிறது.

திஸா நதிக்கரையில் எங்கள் ஊரின் உடற்கூறு நிலையத்தில், பெருமூளைப் புறணியை ஆராயும் அறையில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். மூளையைச் சீவுவது என் வேலை. வாயில்காப்பாளர் போடோக் தினமும் காலையில், மெல்லிசாகச் சீவித் தின்னும் சலாமி இறைச்சியை வைத்து, என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“கிஸெல்லா அம்மா, இன்னைக்கு எத்தனை சலாமி?”

“உங்க மூளையையும் எழுதிக் குடுங்க போடோக். ஒரே துண்டுல முடிஞ்சிரும்.”

அவர் சிரிப்பார். அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு நான் பேசியது பெரும்பாலும் அவ்வளவுதான். மாடியில் டாக்டர் ரோனாய் திஹாமேர் நுண்நோக்கியில் கண்ணை வைத்து உட்கார்ந்திருப்பார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு மேஜை. காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு வரை அந்த அறையில் கத்தி நகரும் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது என்று வருடக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தேன்.

புறணி என்பது மூளையின் மேல்தோல் போன்றது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான். மடிப்பு மடிப்பாகக் கசங்கி மண்டைக்குள் அடங்கியிருக்கிறது. விரித்துப் போட்டால் ஒரு சின்ன மேஜையை மூடும். அதைத் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சீவி, ஊதா நிறம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தால் ஆறு அடுக்குகள் தெரியும். எல்லா இடத்திலும் ஆறும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பின்மண்டையில், பார்வை வந்து சேரும் இடத்தில், நான்காவது அடுக்கு கனமாக இருக்கும். கையையும் காலையும் உதட்டையும் அசைக்கும் பட்டையில் அந்த அடுக்கு இருந்தும் இல்லாதது போலத்தான். அங்கே ஐந்தாவதில் பெரிய பெரிய உயிரணுக்கள். அந்தப் பட்டையில் முதுகு முழுவதற்கும் கொடுத்திருக்கும் இடம் ஒரு கட்டைவிரலுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. அடுக்குகளின் கனத்தைப் பார்த்தே இது கேட்கும் இடம், இது தொடும் இடம் என்று டாக்டர் சொல்லிவிடுவார். நானும் கொஞ்ச நாளில் கற்றுக்கொண்டேன். சொன்னதில்லை.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் தங்கள் மூளையை அந்த நிலையத்துக்கே எழுதிக்கொடுப்பார்கள். அதற்கென்று பச்சை அட்டை போட்ட ஒரு பதிவேடு. பேராசிரியர்கள் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டாக்டர் போட்டிருந்தார். நானும் போட்டேன். கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடும் ஆம்ப்ரூஷ் ஒரு நாள் மாடியேறி வந்து, பதிவேட்டைக் காட்டி, தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். ஆம்ப்ரூஷ் பிறவியிலேயே காது கேளாதவர். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். டாக்டர் அன்று நாற்காலியை விட்டு எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு ஒலிகூடப் போய்ச் சேராத மூளையில் கேட்கும் இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க அவர் எத்தனை வருடமாகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

1961 பிப்ரவரியில் ஆம்ப்ரூஷ் நிமோனியாவில் இறந்தார். ஃபார்மலின் ஜாடியில் அவருடைய மூளை தலைகீழாக நூலில் தொங்கி மே மாதம் வரை இறுகியது. ஒரு பேராசிரியராக இருந்திருந்தால் அதற்குமுன் படம் எடுத்திருப்போம், சுண்ணாம்பு அச்சு வார்த்திருப்போம். கரி அள்ளுபவருக்கு அதெல்லாம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்து ஊசி குத்த வேண்டும். மூளையின் சீவல் ஒன்றை ஆல்கஹாலிலிருந்து எடுத்து நீரில் மிதக்கவிட்டால் அதற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. புரண்டுவிட்டால் இடது வலதாகிவிடும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் சீவுவதற்கு முன்பே வலப்பாதியின் ஊடாக முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு நீளமான ஊசியை ஓட்டி எடுப்போம். பிறகு ஒவ்வொரு சீவலிலும் வலப்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

ஊசியை எடுத்தேன். அப்போது கதவில் ஆம்ப்ரூஷின் மனைவி எடெல்கா நின்றுகொண்டிருந்தாள்.

அவளும் காது கேளாதவள்தான். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போனவள். அங்கே கையை அசைத்தால் பிரம்பால் அடித்து, உதட்டைப் பார்க்கவும் தொண்டையால் பேசவும் பழக்கியிருந்தார்கள். தன் குரல் எவ்வளவு உரக்க இருக்கிறது என்று தெரியாமல் பேசுவாள். கணவரின் தொப்பியையும் சூப் கொண்டுவரும் தூக்கையும் வாங்கிப்போக வந்திருந்தாள். போடோக்குக்கு அவள் பேச்சு புரியவில்லை. என்னிடம் அனுப்பிவிட்டார். நான் அவளைக் கொதிகலன் அறைக்குக் கூட்டிப்போய்ப் பொருள்களை எடுத்து, மறுபடி மாடிக்குக் கூட்டிவந்து, சீட்டில் கையெழுத்து வாங்கினேன். அன்று நடந்தது இவ்வளவுதான்.

மறு வருடம் சீவினேன். முன்னூற்றுப் பன்னிரண்டு சீவல்கள். முதல் சீவலை நீரில் விட்டு, கண்ணாடியை அடியில் கொடுத்துத் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்தேன். துளை இல்லை. நிறம் ஏறும்போது சில சமயம் அடைபடும். இரண்டாவதைப் பார்த்தேன். பத்தாவதைப் பார்த்தேன். முப்பதாவதில் நிறுத்திவிட்டேன்.

முதல் சீவல் அப்போது கண்ணாடியில் எந்தப் பக்கமாகப் படிந்திருந்ததோ அதுவே சரி என்று வைத்துக்கொண்டேன். அது அதற்குள் எத்தனை முறை புரண்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. மீதியை ஒவ்வொன்றாக அதன் மடிப்புகளோடு ஒப்பிட்டு ஒரே வாக்கில் ஒட்டினேன். பார்க்க ஒழுங்காக இருந்தது. டாக்டரிடம் சொல்லவில்லை. அவர் தேடுவது அடுக்குகளின் தடிமனைத்தானே, இடமா வலமா என்பது எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் அவர் அளந்தார். கேட்கும் இடத்தின் நான்காவது அடுக்கு மெலிந்திருக்கும் என்று எதிர்பார்த்தார். மெலியவில்லை. காது கேட்ட எந்த மனிதனுடையதையும் போலவே இருந்தது. அந்த வாரம் முழுக்க அவர் தொப்பியைக் கழற்றாமல் வேலை பார்த்தார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

“கிஸெல்லா, கொஞ்சம் வாங்க. கேக்குற இடத்துக்குப் பின்னாடி இந்த மேடு இருக்கு பாருங்க. நமக்கெல்லாம் பேச்சு புரியுற இடம்.”

“ஆமா டாக்டர்.”

“நாம இதுவரைக்கும் பாத்ததுல பெரும்பாலும் எந்தப் பக்கம் அகலம்?”

“இடது.”

“இவருக்கு?”

நான் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கத்து மேடு மறுபக்கத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

“வலது” என்றேன்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“வலது, டாக்டர்.”

அவர் சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு எனக்காகவும்தான் என்று தோன்றியது. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. வேறு காரணம் எதையும் நான் கண்டுபிடிக்கப் போவதில்லை.

அவர் கட்டுரை எழுதினார். மொழியே இல்லாமல் வாழ்ந்த மனிதனுக்கு மொழியின் இடம் இடப்பக்கம் ஊன்றவில்லை, திசை தெரியாமல் வலப்பக்கம் போய்விட்டது என்பது அவருடைய கருத்து. வியன்னாவில் ஒரு மாநாடு அதை வாசிக்க அழைத்தது. அரசாங்கத்தில் பத்து வருடமாக மறுத்துவந்த பாஸ்போர்ட்டை இந்த முறை கொடுப்பதாகச் சொன்னார்கள். ஊரெல்லாம் செய்தி பரவியது.

“டாக்டர் வியன்னா போறாராமே!” என்றார் போடோக். “அதுவும் நம்ம ஆம்ப்ரூஷ் தலைய வெச்சு. உசுரோட இருந்தப்ப அந்த மனுஷன் ரயில்லகூட ஏறல. இப்ப பாரு, மேற்க போறான்!”

கட்டுரையைத் தட்டச்சு செய்தவள் நான். “சில சைகைகள் தவிர மொழி ஏதும் அறியாதவர்” என்ற வரியில் என் விரல் நின்றது.

நான் ஆம்ப்ரூஷையும் எடெல்காவையும் பல மதியங்களில் கொதிகலன் அறை வாசலில் பார்த்திருக்கிறேன். அவள் பீன்ஸ் சூப் கொண்டுவருவாள். கரண்டியை மடியில் வைத்துவிட்டு இருவரும் கையால் பேசுவார்கள், சூப் ஆறிப்போகும். அவர் எங்கள் இயக்குநர் நடப்பதை இரண்டு விரலால் மேஜைமேல் நடந்து காட்டுவார்; அவள் சத்தம்போட்டுச் சிரிப்பாள். ஒரு முறை சண்டை. அவர் கைகள் வேகவேகமாக ஏதோ சொல்லின. நீ சொல்வதைக் கேட்கமாட்டேன் என்பதற்கு அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவர் அவள் தோளைத் தட்டிக்கொண்டே நின்றார், கண்ணைத் திறக்கும்வரை. இதற்குப் பெயர் மொழி இல்லை என்று நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதுவும் நான் சொன்ன ‘வலது’ என்ற ஒரு சொல்லை நம்பி.

கட்டுரை அச்சுக்குப் போக மூன்று வாரம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை சொன்னேன்.

“டாக்டர், ஆம்ப்ரூஷோட சீவல்ல துளை இல்ல.”

அவர் தலையைத் தூக்கவில்லை. அடுத்த கண்ணாடியை எடுத்து நுண்நோக்கியில் வைத்தார்.

“துளை அடைஞ்சிருக்கும்.”

“ஒண்ணுலகூட இல்ல. நான் குத்தலன்னு நெனைக்கிறேன். முதல் துண்ட குத்துமதிப்பாத்தான் வெச்சேன். இடமா வலமான்னு நமக்குத் தெரியாது.”

“நீங்க குத்தினீங்க.”

“எனக்கு…”

“நான் பாத்தேன், கிஸெல்லா. கதவுகிட்ட நின்னு பாத்தேன்.”

“அன்னைக்கு நீங்க தேர்வு மேற்பார்வைக்குப் போயிருந்தீங்களே டாக்டர்.”

“சீக்கிரமே வந்துட்டேன். உங்க இடது கையுறைல கட்டைவிரல் கிட்ட கிழிஞ்சிருந்துச்சு. ஊசிய ஒரே மூச்சுல ஓட்டினீங்க. நல்லா ஞாபகம் இருக்கு.”

என் கையுறைகள் எப்போதும் அங்கேதான் கிழியும். வீட்டுக்கு நடந்தேன். பாலத்தில் நின்று நதியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊசி உள்ளே போவது எனக்கும் தெரிய ஆரம்பித்தது. கிழிந்த கையுறை, மே மாத வெயில், லேசான எதிர்ப்பு, பிறகு வழுக்கிக்கொண்டு போகும் ஊசி. இரண்டு நாளில் அது நன்றாக ஊறிப்போயிற்று. எது என்னுடைய நினைவு, எது அவர் கொடுத்தது என்று பிரிக்க முடியவில்லை. மூளையைப் பற்றி அத்தனை வருடம் படித்தவர்கள் நடுவே இருந்தேன்; இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

பிறகுதான் எடெல்கா நினைவுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. கதவில் ஒரு கயிறு தொங்கியது. இழுத்தால் உள்ளே ஒரு சிவப்புத் துணி ஆடும். அதைப் பார்த்து அவள் திறப்பாள். என்னைக் கண்டதும் உள்ளே இழுத்து உட்காரவைத்து, ரொட்டியில் பன்றிக்கொழுப்புத் தடவி வெங்காயம் வைத்துக் கொடுத்தாள். நான் மெதுவாக, உதடு தெரியப் பேசினேன்.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி தொப்பி வாங்க வந்தீங்களே. அன்னைக்கு நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கே!” என்று கத்தினாள். பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தாள்.

எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். வலக்கையில் மெல்லிய ஒன்றைப் பிடித்திருப்பது போலத் தூக்கினாள். இடக்கையை விரித்து அடியில் எதையோ தாங்கினாள். கதவுப் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள். அது நான்தான். என் கழுத்து அப்படித்தான் திரும்பும். என்னை நானே வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் முறை. கையில் இருந்ததை இரண்டு விரலால், நுனி அப்பால் இருக்கும்படி, ஒரு தட்டில் வைத்தாள். முன்துணியில் கையை இரண்டு முறை துடைத்தாள். யாருடைய முழங்கையையோ பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தாள். திரும்பி வந்தாள். தொப்பியை மேஜையில் வைத்தாள். காகிதத்தை நகர்த்தினாள். பிறகு கையுறை மாட்டி, இரண்டு கையாலும் எதையோ ஏந்தி, ஒரு ஜாடிக்குள் மெல்ல இறக்கினாள். மூடியைத் திருகினாள். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள்.

“ஊசி?” என்று கேட்டேன்.

தட்டில் கிடந்த ஊசியை எடுத்தாள். குழாயடியில் பிடித்துக் கழுவினாள். துடைத்தாள். தக்கையில் குத்தி வைத்தாள்.

“சுத்தமா இருக்குற ஊசிய ஏன் கழுவுறாங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

“இத்தனையும் எப்படி ஞாபகம் வெச்சிருக்கீங்க?”

“ஜாடிக்குள்ள போனது யாருன்னு எனக்குத் தெரியும்ல?”

ஒரு சரக்கு ரயில் போயிற்று. கண்ணாடித் தம்ளர்கள் அதிர்ந்தன. அவள் தம்ளர்களைத்தான் பார்த்தாள்.

நான் எதற்கு வந்தேன் என்று சொன்னேன். இடம், வலம், மேடு, கட்டுரை. இரண்டு முறை திருப்பிச் சொல்லவேண்டியிருந்தது. பக்கம் மாறுவது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ‘மொழி ஏதும் அறியாதவர்’ என்பதைச் சொன்னபோது மட்டும் என் உதட்டைத் தொட்டு மறுபடி சொல்லச் சொன்னாள்.

“யாரு, ஆம்ப்ரூஷா?”

“ஆமா.”

“அப்ப நான் இருபத்தாறு வருஷம் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்? சுவத்துகிட்டயா? உங்க டாக்டர் கொதிகலன் ரூமுக்கு ஒரு தடவ வந்திருக்காரா? கரி வேணும்னா மட்டும் மணி அடிப்பாரு. அதுவும் செவிடனுக்கு மணி!”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதம் எடுத்து, பள்ளிக்கூடத்து உருண்டைக் கையெழுத்தில், அன்று பார்த்ததை முழுவதும் எழுதினாள். தேதி போட்டாள். அடியில் நான் கேட்காத இரண்டு வரி சேர்த்தாள்: “என் கணவர் நிறையப் பேசுவார். சில சமயம் நான் நிறுத்தச் சொல்வேன்.”

மறுநாள் காலை அதை டாக்டரின் நுண்நோக்கிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“அவங்ககிட்ட போனீங்களா?”

“போனேன்.”

“மூணு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. காது கேக்காத பொம்பள.”

“காதுதான் கேக்காது டாக்டர். கண்ணு நல்லாத் தெரியும்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எனக்கு அம்பத்தேழு வயசு, கிஸெல்லா.”

“தெரியும்.”

“இன்னொரு தடவை பாஸ்போர்ட் குடுக்க மாட்டாங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சும்.”

எனக்கும் கேட்க ஒன்று இருந்தது. அதைக் கேட்காமல் அந்த அறையில் இனி உட்கார முடியாது என்று பட்டது.

“டாக்டர், நீங்க அன்னைக்குக் கதவுகிட்ட நிக்கல இல்ல?”

அவர் நுண்நோக்கியில் கண்ணை வைத்தார். தட்டில் கண்ணாடி எதுவும் இல்லை. வெறும் வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நின்ன மாதிரி இருந்துச்சு” என்றார்.

அன்று மாலை நான் கிளம்பும்போது கட்டுரை என் மேஜையில் இருந்தது. முப்பத்தோரு பக்கத்தில் முப்பதை அடித்திருந்தார். ‘மொழி ஏதும் அறியாதவர்’ என்ற வரியின்மேல் பேனாவால் இரண்டு முறை கோடு கிழித்திருந்தார். மிஞ்சியது ஒரு பக்கம்: பிறவியிலேயே காது கேளாத ஒருவரின் கேட்கும் பகுதியில் நான்காம் அடுக்கு மெலியவில்லை, அதன் பின்னுள்ள மேடு ஒரு பக்கம் அகலமாக இருந்தது, எந்தப் பக்கம் என்பது எங்கள் கவனக்குறைவால் தெரியவில்லை. ‘எங்கள்’ என்றுதான் எழுதியிருந்தார். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

வியன்னா அந்த ஒரு பக்கத்தைக் கேட்கவில்லை. டாக்டர் ரோனாய் பாஸ்போர்ட்டை வாங்கப் போகவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடம் அதே அறையில், அதே மேஜைக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்தார். காலையில் வணக்கம் சொல்வார். தேவையான சீவல் எண்ணைச் சொல்வார். வேறு பேச்சில்லை. முன்பும் நாங்கள் பேசியதில்லை. ஆனால் அந்த மௌனமும் இந்த மௌனமும் ஒன்றில்லை. 1970-இல் ஓய்வுபெற்று, மறு வருடம் இறந்தார். பச்சைப் பதிவேட்டில் தன் பெயரை அவரே அடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. முழு உடலோடு அடக்கம் செய்தோம். ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.

போடோக் மகள் வீட்டோடு போய்விட்டார். எடெல்கா தையல் கூட்டுறவில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தாள். அச்சான அந்த ஒரு பக்கத்தை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, மடித்து இழுப்பறையில் வைத்தாள். பிறகு சில ஞாயிறுகள் போனேன். கையால் பேசக் கொஞ்சம் கற்றுக்கொடுத்தாள், எனக்குச் சரியாக வரவில்லை. 1979-இல் இறந்தாள். ஆம்ப்ரூஷின் சீவல்கள் மூன்றாவது அலமாரியில், பக்கம் தெரியாதவை என்ற சீட்டோடு இருக்கின்றன. நான் 1976-இல் வேலையிலிருந்து நின்றேன். அதே ஊரில், பாலத்துக்கு இந்தப் பக்கம், தனியாக இருக்கிறேன்.